ஊர்வன: அவற்றின் இயல்பும் முக்கிய வகைகளும்

மகாராஷ்டிர மாநிலத்தில் புணே நகரின் வடகிழக்கே லோஹேகாவ் என்னும் ஊர் அமைந்துள்ளது. 1939-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற விமானத் தளத்தினால் அவ்வூரின் பெயர் வெளி மாநிலத்தாருக்கும் தெரியலாயிற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை புணேயின் உஷ்ணநிலையை அளந்து வெளியிடும் இடங்களுள் லோஹேகாவும் ஒன்றாகும். கோடையின் நண்பகலில் அங்கே உஷ்ணநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டுவதுண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்காலையில் அது 10 டிகிரி அளவுக்கு இறங்குவதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கின்றது.

இம்மாறுதல்கள் மனிதனுக்கு உடையையும் உணவையும் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டிய காரியமே. ஆனால், அந்நிலத்தின் கற்குவியல்களிலும் வரப்புகளிலும் வாழும் ஓணான், அரணை, பாம்பு ஆகியவற்றுக்கோ உண்பது, உலவுவது, ஒதுங்குவது ஆகிய யாவற்றையும் அவையே நிர்ணயிக்கின்றன. ஊர்வனவற்றின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இவ்வுண்மையிலிருந்து தொடங்குதல் நலம்.

நம் நாட்டில் ஊர்வனவற்றைப் பற்றிய அறியாமை இருவகைத் தீங்கை விளைவிக்கின்றது. தீங்கற்ற பிராணிகள் விஷமுடையவை எனக் கருதப்பட்டுக் கொல்லப்படுகின்றன. உண்மையிலேயே விஷப் பாம்பினால் கடியுண்டவர்கள் மருத்துவமனைக்குச் செல்லாமல் மந்திரிப்பவரிடமும் பச்சிலை கொடுப்பவரிடமும் கொண்டுசெல்லப்பட்டு மடிகின்றனர். வகைகளைப் பகுத்தறியும் அறிவு இவ்விரண்டையும் தடுக்கவல்லது. கிராமங்களில் பணியாற்றும் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியரும் அவ்வறிவைப் பரப்பும் நிலையில் இருப்பவர்கள்.

ஊர்வன எவை?

முதுகெலும்புள்ள பிராணிகளை மீன்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பது வழக்கம். இவற்றுள் ஊர்வன என்பவை மூன்று பொது இயல்புகளை உடையவை.

முதலாவது, அவற்றின் தோல் செதில்களால் மூடப்பட்டிருக்கின்றது. நம் நகங்கள் ஆக்கப்பட்டிருக்கும் கெராட்டின் என்னும் கடினமான பொருளே இச்செதில்களிலும் உள்ளது. மீனின் செதிலைப் போல இவற்றைத் தனித்தனியே சுரண்டி எடுத்துவிட இயலாது. இவை தோலின் மேற்படலமே தடித்து மடிந்து உண்டானவை. உடலிலுள்ள நீர் ஆவியாகிப் போகாமல் இச்செதிற்போர்வை காக்கின்றது. இரண்டாவது, ஊர்வன யாவும் நுரையீரலால் சுவாசிக்கின்றன. நீரில் வாழும் ஆமையும் முதலையும் மூச்சுவிடுவதற்கு மேலே வந்தே ஆகவேண்டும்.

மூன்றாவது இயல்பே மிக முக்கியமானது. தவளையின் முட்டைக்கு ஓடு இல்லை. அது நீரில் அல்லது ஈரமான இடத்தில் இடப்படாவிடில் உலர்ந்து அழிந்துவிடும். ஊர்வனவற்றின் முட்டையோ உறுதியான ஓட்டையோ தோல் போன்ற உறையையோ உடையது. அதனுள்ளே ஒரு மெல்லிய பையில் நிரம்பிய நீரில் கரு வளர்கின்றது. குளத்தை முட்டைக்குள்ளேயே அடக்கி எடுத்துச் செல்வதற்கு இதனை ஒப்பிடலாம். இதனாலேயே ஊர்வன நீர்நிலைகளை விட்டு வெகுதூரம் விலகி, தக்காணத்தின் வறண்ட மேட்டு நிலங்களிலும் பாலைவனங்களிலும் குடியேற முடிந்தது. எனினும், ஊர்வன யாவும் முட்டையிடுவன அல்ல. கண்ணாடி விரியனும் மண்ணுளிப் பாம்பும் முட்டைகளைத் தம் உடலுக்குள்ளேயே வைத்திருந்து குட்டிகளை ஈனுகின்றன.

"குளிர் இரத்தம்" என்பதன் பொருள்

ஊர்வனவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்று பாடநூல்களில் குறிப்பதுண்டு. இச்சொல் தவறான எண்ணத்தைத் தோற்றுவிக்கக் கூடியது. காலை வெயிலில் பாறையின்மீது படுத்திருக்கும் ஓணானின் இரத்தம் ஏறக்குறைய மனிதனின் இரத்தத்தைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கும். பாலூட்டிகளும் பறவைகளும் தாம் உண்ணும் உணவைக் கொண்டு உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. ஊர்வன அவ்வெப்பத்தை வெளியிலிருந்து பெறுகின்றன. வேற்றுமை இவ்வளவே. ஆதலின் அவற்றைப் புறவெப்பப் பிராணிகள் எனல் பொருந்தும்.

இவ்வேற்பாட்டில் பெருஞ்சிக்கனம் உண்டு. ஒரே எடையுள்ள பாலூட்டி ஒன்று உண்ணும் உணவில் பத்தில் ஒரு பங்கு அளவே ஊர்வனவற்றுக்குப் போதுமானது. ஒரு பாம்பு வயிறு நிறைய ஓர் எலியை விழுங்கிவிட்டுப் பல நாட்கள் உணவின்றி இருப்பது இதனாலேயே. ஆனால் இச்சிக்கனத்துக்கு ஈடாகக் குளிர் மிகுந்த வேளைகளில் அவை சோர்ந்து ஒடுங்கிவிட நேர்கின்றது. வெப்பம் எல்லை கடந்தாலும் அவை நிழலையோ வளையையோ நாடியாக வேண்டும்.

லோஹேகாவ் போன்ற ஓர் ஊரில் பாம்புகளை எப்போது, எங்கே காணலாம் என்பதற்கு விடை இதில் அடங்கியிருக்கின்றது. குளிர்காலத்தில் அவை பகல் வெயிலில் வெளிவருகின்றன. கோடையில் பகல் முழுவதும் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்தபின் உலவுகின்றன. மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகுவதாலும், தவளைகள் பெருகுவதாலும், எலிகள் வீடுகளை நாடுவதாலும் பாம்புகள் மனிதரின் இருப்பிடங்களை நெருங்குகின்றன.

முட்டையினுள் இருக்கும் கருவின் பாலினத்தைக் கூடச் சில ஊர்வனவற்றில் உஷ்ணநிலையே தீர்மானிக்கின்றது. சதுப்புநில முதலையின் முட்டைகளை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நிலையான வெப்பத்தில் வைத்தபோது பெண் குஞ்சுகளே வெளிவந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகளே வெளிவந்தன. சென்னை முதலைப் பண்ணையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பங்குகொண்ட இவ்வாராய்ச்சி 1989-இல் வெளியாயிற்று. ஒன்றரை டிகிரி வேறுபாடு ஒரு தலைமுறையின் ஆண்-பெண் விகிதத்தையே மாற்றிவிடும் என்பது, புவியின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில் கருதத் தக்கது.

தொன்மை

ஊர்வன பூமியில் தோன்றி 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. டைனோசர் என்னும் பேருருவப் பிராணிகள் இவ்வகுப்பைச் சார்ந்தவை. லோஹேகாவின் வயல்களுக்கு அடியில் இருக்கும் கரும்பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணமெங்கும் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரவி உறைந்து உண்டானது. அதே காலத்தையொட்டியே, பறவைகளாக வளர்ந்த ஒரு கிளை நீங்கலாக, டைனோசர்கள் முற்றிலும் மறைந்தன. விண்கல் ஒன்று பூமியில் மோதியது அதற்கு முக்கிய காரணம் என்பது இன்று பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து. தக்காணத்து எரிமலைகளும் அதில் பங்குகொண்டனவா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

அக்காலத்தில் பாம்புகளும் இருந்தன. குஜராத் மாநிலத்தின் தோலி டுங்ரி என்னும் இடத்தில், டைனோசர் முட்டைகள் கிடந்த ஒரு கூட்டில், உடைந்த முட்டை ஒன்றைச் சுற்றி வளைந்து கிடந்த பாம்பின் எலும்புகள் கல்லாக மாறிய நிலையில் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தனஞ்ஜய் மோகபே கண்டெடுத்த அப்படிவம் 2010-இல் "சனாஜே இண்டிகஸ்" எனப் பெயரிடப்பெற்றது. சுமார் 3.5 மீட்டர் நீளமிருந்த அப்பாம்பு, முட்டையினின்று வெளிவரும் டைனோசர் குஞ்சுகளை உண்டு வாழ்ந்தது எனக் கருதப்படுகின்றது.

நான்கு வரிசைகள்

இன்று உலகில் 12,000-க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் வாழ்கின்றன. விலங்கியலார் அவற்றை நான்கு வரிசைகளில் அடக்குவர்.

ஆமைகள்: இவற்றில் சுமார் 360 இனங்கள் உண்டு. ஆமையின் ஓடு, நத்தையின் ஓட்டைப் போன்ற வெளிக்கூடு அன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றுகூடி உண்டான உடலின் பகுதியே அது. ஆகையால் ஓட்டிலிருந்து ஆமையை உயிருடன் பிரித்தெடுத்தல் இயலாது. ஆமைகளுக்குப் பற்கள் இல்லை. கொம்புப் பொருளாலான கூர்மையான தாடை விளிம்பு உண்டு. கிணறுகளிலும் ஏரிகளிலும் பாலாமையும், வறண்ட புதர்க்காடுகளில் நட்சத்திர ஆமையும் வாழ்கின்றன. கடலாமைகள் முட்டையிடுவதற்கு மட்டுமே கரைக்கு வருகின்றன. இரத்தினகிரி மாவட்டத்தின் வேளாஸ் கிராமத்தில் 2002 முதல் ஊர் மக்களின் உதவியுடன் பங்குனி ஆமையின் முட்டைகள் காக்கப்பட்டு வருகின்றன. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

முதலைகள்: இவற்றில் 25-க்கும் சற்று மேற்பட்ட இனங்களே உள்ளன. ஊர்வனவற்றுள் நான்கு அறைகளாக முற்றிலும் பிரிந்த இருதயம் முதலைகளுக்கே உண்டு. இன்று வாழும் பிராணிகளில் அவற்றுக்கு நெருங்கிய உறவு பல்லியன்று, பறவைகளே. இந்தியாவில் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்டு குறுகிய மூக்கையுடைய கரியால் என மூன்று இனங்கள் வாழ்கின்றன. சாங்லியை அடுத்த கிருஷ்ணா நதியிலும், தமிழ்நாட்டின் அமராவதி அணைப் பகுதியிலும் இருப்பது சதுப்புநில முதலையாகும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் நிலையை எய்திய இவ்வினங்களைக் காப்பதற்கு 1975-இல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

டுவாட்டாரா: இவ்வரிசையில் இன்று எஞ்சியிருப்பது ஒரே இனம், அதுவும் நியூசிலாந்து நாட்டில் மட்டுமே உள்ளது. தோற்றத்தில் ஓணானை ஒத்திருப்பினும் மண்டையோடும் பல்வரிசையும் வேறானவை. மற்ற ஊர்வன ஒடுங்கிவிடும் குளிரிலும் இது நடமாடும். இதன் முட்டை பொரிவதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்.

செதிலுடலிகள்: பல்லி இனங்களும் பாம்புகளும் இவ்வரிசையில் அடங்கும். ஊர்வன இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இவையே. நம் வீடுகளிலும் வயல்களிலும் நாள்தோறும் காணப்படுபவையும் இவையே ஆதலின், இவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பல்லி இனங்கள்

பல்லி, ஓணான், அரணை, பச்சோந்தி, உடும்பு ஆகியவை இப்பிரிவின. உலகில் இவற்றின் இனங்கள் 7,000-க்கும் மேற்பட்டவை. இந்தியாவில் வாழும் பல்லி இனங்களில் விஷத்தால் மனிதனைக் கொல்லக்கூடியது ஒன்றுமில்லை. அரணை கடித்தால் மரணம் என்னும் பழமொழி தமிழ்நாட்டில் வழங்குகின்றது. அரணைக்கு விஷப் பற்களோ விஷச் சுரப்பியோ கிடையாது. அது பூச்சிகளைத் தின்று வாழும் சாதுவான பிராணி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செந்நிறம் அடைவதைக் கண்டு, அது தூரத்திலிருந்தே இரத்தத்தை உறிஞ்சுகின்றது என்று சிறுவர் அஞ்சுவதுண்டு. அந்நிறம் பெண் ஓணானைக் கவர்வதற்கும் மற்ற ஆண்களை விரட்டுவதற்குமே ஆகும்.

தக்காணத்தின் திறந்த மேட்டு நிலங்களில் விசிறித் தொண்டை ஓணான் என்னும் அழகிய பிராணி வாழ்கின்றது. ஆணின் தொண்டையின்கீழ் விசிறி போன்று விரியும் தோல் மடிப்பு உண்டு. இவற்றில் நீலம், கருமை, செம்மஞ்சள் ஆகிய வண்ணங்கள் மிளிரும் பெரிய இனங்களை 2016-இல் விஞ்ஞானிகள் தனிப் பேரினமாகப் பிரித்து, மராத்தியில் ஓணானைக் குறிக்கும் "சரடா" என்னும் சொல்லையே அதற்குப் பெயராகச் சூட்டினர். பயனற்ற பொட்டல் என்று கருதப்படும் நிலமே இவற்றின் இருப்பிடம். இத்தகைய நிலம் வீட்டுமனைகளாக மாறுமிடத்து இவை சென்று ஒதுங்குவதற்கு வேறிடமில்லை.

உடும்பை மராத்தியர் "கோர்பட்" என்பர். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுஸரே, புணேக்கு அருகிலுள்ள சிங்ககட் கோட்டையின் செங்குத்தான பாறையில் ஏறுவதற்குக் கயிறு கட்டிய உடும்பொன்றைப் பயன்படுத்தினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஓர் உடும்பின் எடை சில கிலோகிராமே ஆதலின், மனிதனின் எடையை அது தாங்குமென்பது நம்புதற்கரியது. ஆயினும் அதன் நகங்களின் பிடி வன்மையானது என்னும் அனுபவ அறிவு அக்கதையில் பதிந்திருக்கின்றது. இறைச்சிக்காகவும் மருந்து என்ற பெயரிலும் உடும்புகள் கொல்லப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றமாகும்.

பாம்புகள்

பாம்பு என்பது கால்களை இழந்த பல்லியின் வழித்தோன்றல் எனலாம். மலைப்பாம்பின் உடலில் பின்னங்கால்களின் அடையாளமாகச் சிறு முட்கள் இன்றும் காணப்படுகின்றன. பாம்புக்கு இமைகள் இல்லை. கண்களை ஒளி ஊடுருவும் செதில் மூடியிருக்கின்றது. தோலை உரிக்கும்போது அச்செதிலும் சேர்ந்து உரியும். பிளவுண்ட நாக்கை அது அடிக்கடி நீட்டுவது கொட்டுவதற்கு அன்று. காற்றிலுள்ள வாசனைத் துகள்களை நாக்கினால் திரட்டி, வாயின் மேலண்ணத்திலுள்ள நுகர்ச்சி உறுப்பிடம் சேர்க்கின்றது. அதற்குப் புறச்செவி இல்லை; தரையின் அதிர்வுகளையும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணரும். மகுடிக்கு ஆடுவதாகத் தோன்றும் நல்ல பாம்பு, உண்மையில் தன் முன் அசையும் கருவியையே கண்காணித்துத் தன்னைத் தற்காத்துக்கொள்ள முயல்கின்றது.

உலகில் 4,000-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்டவை. இவற்றுள் விஷமுடையவை சுமார் 60. இந்த அறுபதிலும் பல, கடலிலோ அடர்ந்த காட்டிலோ வாழ்ந்து மனிதரைச் சந்திக்காதவை. வயலில் எலிகளை வேட்டையாடும் சாரை, குளத்திலுள்ள நீர்க்கோலி, பூந்தொட்டி மண்ணில் நெளியும் புழுப் பாம்பு ஆகிய யாவும் மனிதருக்குத் தீங்கற்றவை. தானியத்தைக் காக்கும் வேலையில் சாரைப் பாம்புக்கு நிகரான உதவியாள் உழவனுக்கு இல்லை.

நான்கு விஷப் பாம்புகளும் அவற்றைப் போன்றவையும்

இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு இனங்களே காரணம். லோஹேகாவ் போன்ற ஊர்களில் பணிபுரிவோர் அவற்றின் மராத்திப் பெயர்களையும் அறிந்திருத்தல் பயன் தரும்.

நல்ல பாம்பு மராத்தியில் "நாக்" எனப்படும். படமும், படத்தின்மேல் கண்ணாடி போன்ற குறியும் இதன் அடையாளங்கள். சாரைப் பாம்பை இதுவெனக் கருதி அடிப்பவர் பலர். "தாமண்" என்று மராத்தியில் வழங்கும் சாரைக்குப் படம் இல்லை, கண்கள் பெரியவை, உதடுகளில் கரிய கோடுகள் உண்டு.

கட்டுவிரியன் மராத்தியில் "மண்யார்" எனப்படும். பளபளப்பான கரிய உடலில் மெல்லிய வெண் பட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, அமைந்திருக்கும். இப்பட்டைகள் தலையை அடுத்த பகுதியில் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவாகும். தீங்கற்ற ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழாகும்: பட்டைகள் முன்பகுதியில் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கிவிடும்.

கண்ணாடி விரியன் மராத்தியில் "கோணஸ்" எனப்படும். தடித்த உடலின்மேல் மூன்று வரிசைகளில் சங்கிலி கோத்தாற்போல் நீள்வட்டப் புள்ளிகள் காணப்படும். தொந்தரவு செய்தால் உரத்துச் சீறும். மண்ணுளிப் பாம்பில் ஒரு வகை இதனைப் போலத் தோன்றும். ஆயினும் அதன் கண்கள் மிகச் சிறியவை, வால் குட்டையானது, புள்ளிகள் ஒழுங்கற்றவை.

சுருட்டை விரியன் மராத்தியில் "புர்ஸே" எனப்படும். இது சிறிய பாம்பு. பெரும்பாலும் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். தலையின்மேல் அம்பு போன்ற குறி இருக்கும். உடலை வளைத்துச் செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து, ரம்பம் அறுப்பது போன்ற ஓசையை எழுப்பும். கொங்கணத்தின் செம்பாறை நிலங்களில் இது மிகுதி. பூனைப் பாம்பு இதனை ஒத்த நிறமுடையது. ஆனால் அதன் உடல் மிக மெல்லியது, கண்கள் பெரியவை.

இவ்வடையாளங்கள் தொலைவிலிருந்து பார்த்து அறிவதற்கே உரியவை. இன்ன பாம்பு என்று தெளிவதற்காக அதனை நெருங்குவதோ, பிடிப்பதோ, அடித்து எடுத்து வருவதோ கூடாது.

நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்புகளைத் தாக்குகின்றன. இமைகள் தாழும், பேச்சு குழறும், இறுதியில் சுவாசத் தசைகள் செயலற்றுப்போகும். நல்ல பாம்பு கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் தோன்றும். கட்டுவிரியனோ இரவில், தரையில் உறங்குபவரைக் கடிப்பது வழக்கம்; வலியும் வீக்கமும் ஏறத்தாழ இரா. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைத் தாழ்வும் கண்டவரைப் பாம்பு கடித்திருக்கலாம் என்று ஐயுறுதல் வேண்டும். விரியன் இரண்டின் விஷமும் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கின்றது. கண்ணாடி விரியன் கடித்தால் கடுமையான வீக்கமும் இரத்தப்போக்கும் நேர்வதோடு, சிறுநீரகங்களும் பழுதுறக்கூடும்.

கடியுண்டவருக்குச் செய்ய வேண்டியன

2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் மாண்டவர்கள், பெரும்பாலோர் கிராமவாசிகள். இத்தகைய மரணங்களையும் ஊனங்களையும் 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024-இல் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

கடியுண்டவரை முதலில் அமைதிப்படுத்த வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கடியுண்ட கையையோ காலையோ, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் மரச்சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாதிருக்கச் செய்ய வேண்டும். அவரை நடக்கவிடாமல், 108 வண்டியிலோ கிடைக்கும் வேறு வாகனத்திலோ, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது, சுடுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகியவை கூடாதவை. இறுகக் கட்டுவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பே அழுக நேரிடும். விஷப் பாம்பு கடித்தும் சில வேளைகளில் விஷம் உட்செல்லாதிருப்பதுண்டு. தீங்கற்ற பாம்பு கடித்ததை விஷக்கடியாகக் கருதுவதும் உண்டு. மந்திரத்தாலும் மூலிகையாலும் பிழைத்ததாகச் சொல்லப்படுவோர் பெரும்பாலும் இவ்விரு வகையினரே.

மருத்துவமனையில் செய்யப்படும் ஓர் எளிய சோதனையை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கலாம். உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் கடியுண்டவரின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, 20 நிமிடம் அசையாது வைப்பர். பின்னர்க் குழாயைச் சாய்க்கும்போது இரத்தம் உறைந்திராமல் ஓடினால், விரியனின் விஷம் ஏறியிருக்கின்றது என்பதற்கு அது அடையாளம். கட்டுவிரியன் கடியை இச்சோதனை காட்டாது. ஆகவே மருத்துவர் நரம்புக் குறிகளையும் கவனிப்பர்.

விஷமுறிவு மருந்து

பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருள் உண்டாகின்றது. அதனைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் விஷமுறிவு மருந்து கிடைக்கும். 1890-களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர்ட் கால்மெட் இம்முறையை உருவாக்கினார். மும்பை பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் இம்மருந்துத் தயாரிப்பில் நீண்டகால அனுபவம் உடையது. இந்தியாவில் தயாராகும் மருந்து, மேற்கூறிய நான்கு பாம்புகளின் விஷத்தையும் முறிக்கக்கூடியது. ஆகவே, கடித்தது இந்நான்கில் எது என்று தெரியாவிடினும் சிகிச்சை தடைப்படுவதில்லை.

இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைத் தருவது, செங்கல்பட்டு மாவட்டத்தில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாகும். பாம்புத் தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டதனால் பிழைப்பை இழந்த இருளர்கள், 1978-இல் இச்சங்கத்தை அமைத்தனர். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் வாழுமிடத்துக்கேற்ப அதன் விஷத்தின் கூறுகள் மாறுபடுகின்றன என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு ஆக்கிய மருந்து, நாட்டின் பிற பகுதிகளிலுள்ள பாம்புகளின் விஷத்தை அதே அளவுக்கு முறிப்பதில்லை. அந்தந்தப் பிரதேசத்துக்கேற்ற மருந்துகளை ஆக்கும் முயற்சி நடைபெறுகின்றது. அதுவரை, காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைவதன் அவசியம் இதனால் மேலும் மிகுகின்றது.

பணியாளரும் ஆசிரியரும் ஆற்றக்கூடியது

2017-இல் புணே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதிகளுள் லோஹேகாவும் அடங்கும். வயலும் புல்வெளியும் வீடுகளாக மாறும் ஊர்களில் மனிதரும் பாம்பும் சந்திப்பது தவிர்க்க முடியாதது. குப்பையும் கட்டட இடிபாடும் எலிகளைச் சேர்க்கும். எலிகள் பாம்புகளைச் சேர்க்கும். ஆகையால் வீட்டைச் சுற்றித் துப்புரவாக வைத்திருத்தல், தானியத்தை மூடிய கலங்களில் வைத்தல், இரவில் கைவிளக்கின்றி நடவாதிருத்தல், வயலில் காலணி அணிதல், கட்டிலில் அல்லது நன்கு செருகிய கொசுவலைக்குள் உறங்குதல் ஆகியவற்றைக் கூட்டந்தோறும் வற்புறுத்த வேண்டும். வீட்டினுள் பாம்பு புகுந்தால் வனத்துறைக்குத் தெரிவித்து, பயிற்சி பெற்றவர் வரும்வரை விலகி நிற்பதே முறை. தம் ஊருக்கு அண்மையில் விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ள மருத்துவமனை எது என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே விசாரித்து அறிந்து, பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைத்தல் களப்பணியாளரின் கடமையாகக் கொள்ளத்தக்கது.

மாணவர்க்கு ஊர்வனவற்றின் இயல்பைக் கற்பிப்பதற்கு ஒரு பிராணியையும் பிடிக்க வேண்டுவதில்லை. பள்ளி வேலியிலுள்ள ஓணான் எந்நேரத்தில் வெயிலில் படுத்திருக்கின்றது, எப்போது நிழலை நாடுகின்றது என்பதை ஒரு வாரம் குறித்து, அன்றன்றைய உஷ்ணநிலையுடன் ஒப்பிடச் செய்யலாம். உதிர்ந்து கிடக்கும் பாம்புச் சட்டையைக் கைக்கண்ணாடியால் நோக்கி, கண்ணை மூடியிருந்த செதிலைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வாய்ப்புள்ளோர் புணேயில் கத்ரஜிலுள்ள விலங்குக் காட்சிசாலையின் பாம்புப் பண்ணைக்கோ, சென்னையில் 1972 முதல் கிண்டியில் இயங்கும் பாம்புப் பண்ணைக்கோ மாணவரை அழைத்துச் செல்லலாம். அங்கே நான்கு விஷப் பாம்புகளையும் அவற்றைப் போன்ற தீங்கற்றவற்றையும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று, அஞ்சாமல் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

இங்ஙனம் கற்ற ஒரு மாணவன் வீட்டிலிருப்பின், கொல்லையில் காணும் சாரைப் பாம்பு உயிர் தப்பும். நள்ளிரவில் தாயோ தந்தையோ கடியுண்டால், கயிற்றைத் தேடாமல் வண்டியை அழைக்க வேண்டும் என்று சொல்வதற்கும் அவன் இருப்பான்.